வீட்டுக்கடனும் நிறமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே உள்ள சொத்து இடைவெளி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன், மென்பொருள் வேலை. அப்பா திருநெல்வேலி அருகே தபால்காரராக இருந்தவர். இரண்டு பெட்டியோடு இங்கே வந்து இறங்கினேன். இன்று 30 வருடக் கடனில் சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். யாரும் எங்களுக்குச் சலுகை காட்டவில்லை. நாங்களும் வெள்ளை இல்லையே? அடிமை முறை 1865இலேயே ஒழிந்துவிட்டது. 160 வருடம் கழித்தும் அதையே காரணம் சொன்னால் எப்படி? உழைத்தால் முன்னேறலாம் என்பதற்கு நாமே சாட்சி இல்லையா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

இதில் மன்னிக்க ஒன்றும் இல்லை. இந்தக் கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வேறு பேசுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் நேராகக் கேட்டது நல்லது. உங்கள் உழைப்பின் மேலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கணக்கு 1865இல் தொடங்கி ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிடுகிறது. இடையில் நடந்ததைப் பார்த்தால்தான் சொத்து இடைவெளி புரியும்.

நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அந்த 30 வருடக் கடனையே எடுத்துக்கொள்வோம். 1930களுக்கு முன் அமெரிக்காவில் அப்படிப்பட்ட கடன் சாதாரணமாகக் கிடைக்காது. விலையில் பாதியை முன்பணமாகக் கட்டி, மீதியைச் சில வருடங்களிலேயே அடைக்க வேண்டும். பெருமந்தம் எனப்படும் பொருளாதார வீழ்ச்சியில் ஏராளமானோர் வீட்டை இழந்தபோது ரூஸ்வெல்ட் அரசு தலையிட்டது. 1934இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், சுருக்கமாக எஃப்.எச்.ஏ., உருவானது. வங்கி தரும் வீட்டுக்கடனுக்கு அது காப்பீடு கொடுத்தது. வங்கிக்குப் பயம் விட்டது. முன்பணம் குறைந்தது, தவணைக் காலம் நீண்டது, மாதச் சம்பளக்காரர் வீடு வாங்க முடிந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் செல்வத்தில் பெரும்பங்கு இந்த ஏற்பாட்டில் விளைந்தது.

இந்த ஏற்பாட்டிலிருந்து கறுப்பினத்தவரை அரசே ஒதுக்கி வைத்தது. 1930களின் பிற்பகுதியில் அரசின் இன்னொரு கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் நிறம் கொடுத்தது. நல்ல பகுதிக்குப் பச்சை, கடன் கொடுத்தால் ஆபத்து என்று கருதிய பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் குடியிருந்த பகுதிகள் அநேகமாக எல்லாமே சிவப்பு. எஃப்.எச்.ஏ. இதைவிட வெளிப்படையாக நடந்துகொண்டது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதச் சொல்லி அதன் கையேடு பரிந்துரைத்தது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் டெட்ராய்ட் போகலாம். நகரின் வட எல்லையில், எட்டாவது மைல் சாலையை ஒட்டிய பகுதியில், வீடுகளின் கொல்லைப்புறத்தோடு சேர்ந்தாற்போல் ஒரு கான்கிரீட் சுவர் போகிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941இல் வெள்ளையருக்காக அங்கே வீடு கட்ட வந்த ஒரு மனைவணிகர் எஃப்.எச்.ஏ. உதவி கேட்டார். பக்கத்திலேயே கறுப்பினத்தவர் குடியிருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அவர் நடுவில் இந்தச் சுவரை எழுப்பினார். அப்புறம் ஒப்புதல் கிடைத்தது. அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்களுக்கு உழைக்கத் தெரியாமல் இல்லை, கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் வேலை செய்து சம்பாதித்தவர்கள் அவர்களும்தான். சுவருக்கு இந்தப் பக்கம் அரசு ஆதரவில் கடன், அந்தப் பக்கம் இல்லை. சுவர் இன்றும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஊர்க்காரர்கள் ஓவியம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் இதே கதிதான். 1944ஆம் ஆண்டுச் சட்டம் போர்வீரர்களுக்கு வீடு, தொழில், விவசாயக் கடன்களுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அப்படி உத்தரவாதம் பெற்ற கடன்கள் 3,229. கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பினத்தவராக இருந்த மாநிலம் அது! அதே 1947இல்தான் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழுந்தது. வீடு சுமார் 8,000 டாலர். கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அன்று வாங்கியவர்கள் அந்த வீட்டின் மேல் கடன் வாங்கிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், சாகும்போது பிள்ளைகளுக்கு விட்டுப்போனார்கள். இன்று அங்கே ஒரு வீடு ஐந்து லட்சம் டாலருக்கும் மேல்.

வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்ப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுத்தது 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து. ஆகவே 160 வருடக் கதை என்று சொல்லாதீர்கள். அன்று கடன் மறுக்கப்பட்டவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சரி, "நாமே சாட்சி" என்கிறீர்கள். நம்மில் முன்னால் போன ஒருவரைச் சொல்கிறேன். 1915இல் பெஷாவரிலிருந்து வைஷ்ணோ தாஸ் பகாய் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, 25,000 டாலர் கொண்டுவந்தார். கடை வைத்தார், 1921இல் குடியுரிமையும் பெற்றார். பெர்க்லியில் ஒரு வீடு வாங்கி, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பமாகப் போய் இறங்கினால், அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய வீடு. பிள்ளைகளை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று கலா பயந்தார். ஏற்றிய சாமானோடு அப்படியே திரும்பிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1923இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். தான் உயர்சாதி ஆரியர், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். வெள்ளை அமெரிக்கர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ, திருமண விஷயத்தில் உயர்சாதி இந்துவும் இந்தியப் பூர்வகுடிகளை அப்படித்தான் பார்க்கிறார் என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கீழே ஒருவரைக் காட்டித் தான் மேலே ஏறப் பார்த்தார். நீதிமன்றம் அவரையும் வெளியே தள்ளியது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி பகாயின் குடியுரிமையைப் பறித்தார்கள். கலிஃபோர்னியாவின் நிலச் சட்டம் சொத்து வைத்துக்கொள்ளவும் விடவில்லை. 1928இல் பகாய் தற்கொலை செய்துகொண்டார். பத்திரிகைக்கு விட்டுச்சென்ற கடிதத்தில், தங்கக் கூண்டில் வாழும் வாழ்க்கை வாழத்தக்கதா என்று கேட்டிருந்தார். அவரிடம் பணமும் படிப்பும் உழைப்பும் இருந்தன. உங்களிடம் இருக்கும் உரிமைகள் இல்லை.

உங்களுக்கு அவை எப்படிக் கிடைத்தன? 1917, 1924 குடியேற்றச் சட்டங்கள் இந்தியரை அநேகமாக முழுதாகவே தடுத்திருந்தன. 1946இல் திருத்தியபோதும் வருடத்துக்கு 100 பேர்தான். அந்தத் தடை விழுந்தது 1965இல். 1964 ஜூலையில் இனப் பாகுபாட்டைத் தடுத்த குடிமை உரிமைகள் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம், அக்டோபரில் குடியேற்றச் சட்டம். மூன்றும் ஒரே அலையில் வந்தவை. இமானுவேல் செல்லர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பெயர் 1946, 1965 குடியேற்றச் சட்டங்கள் இரண்டிலும் இருக்கிறது. 1964 சட்டத்தைக் கீழவையில் முன்னின்று நடத்தியவரும் அவரே. ஆனால் அவருக்குப் பின்னால் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் உரிமை கேட்டு ஊர்வலம் போய் போலீஸ் நாயையும் தண்ணீர்க் குழாயையும் எதிர்கொண்ட கறுப்பினப் பிள்ளைகள் இருந்தார்கள், அதே மாநிலத்தின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்து மண்டை உடைந்தவர்கள் இருந்தார்கள். உள்நாட்டில் இனம் பார்ப்பது தவறு என்று சட்டம் போட்ட நாடு, வெளியிலிருந்து வருகிறவரை இனம் பார்த்து நிறுத்துவதை நியாயப்படுத்த முடியாமல் போனது.

வந்தவர்களையும் அந்தச் சட்டம் பொறுக்கி எடுத்தது. மருத்துவர்கள், பொறியாளர்கள், ஏற்கெனவே அங்கே இருந்தவர்களின் உறவினர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கிண்டியிலும் நம் ஊர் அரசு செலவில் படித்து முடித்து விமானம் ஏறியவர்கள். உங்கள் அப்பாவின் தபால் துறைச் சம்பளத்தில் உங்கள் படிப்பு சாத்தியமானதில் நம் அரசுக் கல்லூரிகளுக்குப் பங்கு உண்டா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2022இன் அமெரிக்க மத்திய வங்கிக் கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் சரிபாதியில் நிற்கும் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. சோம்பலுக்கு இவ்வளவு சீரான கணக்கு வராது.

ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பழைய வண்ண வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது. டாலஸும் இருக்கிறது. சிவப்புப் பகுதிகளைக் குறித்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு காரில் அந்தத் தெருக்களைச் சுற்றி வாருங்கள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்கு எழுதுங்கள். அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.