தோட்டத்துக்கு மண், கல், புல்: யாரிடம் வாங்குவது? – கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வருஷமாக வீட்டுத் தோட்ட வேலை செய்துவருகிறேன். செடி வளர்ப்பைப் பற்றிக் கேட்பவர்களைவிட, லோடு இறங்கிய பிறகு ஏமாந்தது தெரிந்து கேட்பவர்கள்தான் அதிகம். அதனால் இந்த முறை பொருள் வாங்குவதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

வேளச்சேரியிலிருந்து: சார், புது வீட்டில் தோட்டத்துக்கு 1000 சதுர அடி விட்டிருக்கிறோம். அரை அடி செம்மண் நிரப்ப வேண்டும். ஒருவர் 5 யூனிட் போதும் என்கிறார், இன்னொருவர் 8 யூனிட் என்கிறார். யாரை நம்புவது?

முதலில் கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 1000 சதுர அடிக்கு அரை அடி உயரம் என்றால் 500 கன அடி, அதாவது 5 யூனிட். ஆனால் கொட்டிய மண் அப்படியே நிற்காது. இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட்டதும் ஐந்தில் ஒரு பங்காவது அமுங்கும். ஆகவே ஆறு, ஆறரை யூனிட் வாங்கினால்தான் அரை அடி மிஞ்சும். 5 என்றவர் அமுங்குவதைச் சேர்க்கவில்லை. 8 என்றவரிடம் எந்தக் கணக்கில் சொன்னார் என்று கேளுங்கள். "கீழே என்ன மண் இருக்கு? தரை மட்டத்திலிருந்து எவ்வளவு ஏத்தணும்?" என்று விசாரித்துவிட்டு எண் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

அப்புறம், யூனிட் கணக்கில் நஷ்டம் வருவது பெரும்பாலும் லாரியில்தான். லாரிப் பாடியின் உள் நீளம், உள் அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 100 ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 294 கன அடி. மூன்று யூனிட் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நடுவில் கூம்பாகக் குவித்து, ஓரத்தில் 3 அடிக்குக்கூட மண் இல்லாமல் வரும் லோடும் உண்டு. கூம்பின் உச்சியில் டேப் வைத்தால் மூன்று யூனிட் வரும். மண்வெட்டியால் மட்டம் தட்டி, நாலு இடத்தில் கம்பியை அடித்தட்டு வரை குத்தி அளந்தால் இரண்டரைதான் தேறும். பின்கதவைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். தரையில் குவிந்த பிறகு அது வெறும் வாக்குவாதம்.

அதே நேயர்: அளக்கணும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

ஆர்டர் கொடுக்கும்போதே போனில் சொல்லிவிடுங்கள்: "வந்ததும் மட்டம் தட்டி அளப்போம், அந்த அளவுக்குத்தான் பணம்." ஒழுங்காக வியாபாரம் செய்பவர் சரி என்பார். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். டிரைவரோடு வாசலில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அவர் ஏற்றிவிட்டதைக் கொண்டுவருகிறவர்.

தாம்பரத்திலிருந்து: செம்மண் என்று சிவப்பாக ஏதோ கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மழைக்குப் பிறகு சிமெண்ட் தரை போல இறுகிக் கிடக்கிறது. அடுத்த தடவை எப்படிப் பார்த்து வாங்குவது?

அடித்தளம் நிரப்பக் கொடுக்கும் மண்ணைத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நிறம் ஒன்றுதான், குணம் வேறு. மண் குவித்து விற்கும் யார்டுக்கு நேரில் போய் ஒரு கைப்பிடி எடுத்து ஈரமாக்கி உருட்டுங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் குத்தினால் உதிரவும் வேண்டும். உதிராமல் வழவழவென்று நாடா போல நீண்டால் களி அதிகம். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல் அதிகம். சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கு பிரிந்து நிற்கும்.

யார்டில் பார்த்த மண்ணை ஒரு கவரில் போட்டு, கடைக்காரர் முன்னாலேயே எடுத்து வாருங்கள். லோடு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே நல்ல மண், உள்ளே செங்கல் ஜல்லி, சிமெண்ட் பூச்சு என்று வருவது சகஜம். இரண்டு இடத்தில் ஒரு அடியாவது தோண்டிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து மண்ணாக இருந்தால், மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பும் கார அமிலத் தன்மையும் பார்த்துவிடுவது நல்லது.

செங்கல்பட்டிலிருந்து: ஏரி வண்டல் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். ராத்திரிதான் லாரி வருமாம், பில் கிடையாதாம். வாங்கலாமா அண்ணா?

வேண்டாம். மண்ணும் கிராவலும் சிறு கனிமக் கணக்கில் வருபவை. அனுமதியும் நடைச்சீட்டும் (லோடு ஏற்றிச்செல்லத் தரும் அரசுச் சீட்டு) இல்லாமல் ஏற்றிவந்தால் வண்டியைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது. ஏரியையும் கண்ட இடத்தில் தோண்டிக் கெடுக்கிறோம், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். நகரத்தை ஒட்டிய ஏரியாக இருந்தால் வண்டலில் சாக்கடையும் கலந்திருக்கலாம். யாரிடம் வாங்கினாலும் "இந்த மண் எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள். செம்மண் மட்டுமல்ல, கல்லுக்கும் செடிக்கும் இதே கேள்விதான்.

கோயம்புத்தூரிலிருந்து: மாடித் தோட்டத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு கட்டி வாங்கினேன். இலை நுனியெல்லாம் கருகுகிறது. கட்டியில் கோளாறா, என் பராமரிப்பில் கோளாறா?

நுனி கருகினால் உப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் அலசி எடுத்த கட்டியை "லோ இசி" என்று விற்பார்கள். இசி என்பது உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தல் அளவு. அந்த எண் 0.5க்குள் இருக்க வேண்டும். அலசாத கட்டியில் பல மடங்கு இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், விலையில்தான் வித்தியாசம். பில்லில் "லோ இசி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அது அலசாத சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்குப் பொள்ளாச்சி பக்கம்தானே, ஒரு நாள் தொழிற்சாலைக்கே போய்ப் பாருங்கள். அலசும் தொட்டி இருக்கிறதா, சிமெண்ட் களத்தில் காய்கிறதா, வெறும் தரையிலா? வெறும் தரையில் காய்ந்ததில் களை விதையும் மண்ணும் சேர்ந்துவிடும். இப்போது கையில் இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நாள் ஊறவைத்து வடித்துவிட்டு, இன்னும் இரண்டு தடவை அப்படியே செய்து பயன்படுத்துங்கள்.

திருவள்ளூரிலிருந்து: மக்கிய தொழு உரம் என்று மூட்டை மூட்டையாக வந்தது. போட்ட ஒரு வாரத்தில் ரோஜாச் செடிகள் வாடிவிட்டன.

மக்காத எருவாக இருந்திருக்கும். அடுத்த முறை மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விடுங்கள். சூடு தெரிந்தால் இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது, வேரைச் சுடும். மூக்கில் ஏறும் நெடி இருந்தாலும் அப்படித்தான். நன்றாக மக்கியது கருப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். வைக்கோல் துண்டு வைக்கோலாகவே தெரியக் கூடாது. சரியாக மக்காத எருவில் கோரையும் பார்த்தீனியமும் இலவசமாக வரும், களை எடுத்தே காலம் போய்விடும்.

மண்புழு உரம் என்றால் ஈரத்தைப் பாருங்கள். 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம் வரைதான் இருக்கலாம். கையில் பிழிந்து தண்ணீர் சொட்டினால், நீங்கள் கிலோ கணக்கில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

அண்ணா நகரிலிருந்து: மாமரத்தடியில் கொரியன் புல் போட ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். சரியான விலையா?

விலையை விடுங்கள் மேடம். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், மாமர நிழலில் சில மாதத்தில் திட்டுத் திட்டாகப் போய்விடும். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கேட்காமலே விலை சொன்னவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம். நிழலுக்கு பஃபலோ புல் ஓரளவு தாங்கும். எந்தப் புல்லானாலும், வெட்டிய மறுநாளுக்குள் பதித்துவிட வேண்டும். பாய் போல வெட்டிவரும் புல்லைப் புரட்டிப் பார்த்தால் வெள்ளை வேர் தெரிய வேண்டும். நடுவில் தொட்டால் சூடாக இருந்தால் அடுக்கியபடியே வெந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்.

பாண்டிச்சேரியிலிருந்து: இட்லிப்பூச் செடிகளைச் சுற்றி வெள்ளைக் கூழாங்கல் பரப்பினோம். இலைகள் மஞ்சளாகின்றன. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். ஒரு கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு சொட்டுங்கள். நுரைத்தால் அது பளிங்கு அல்லது சுண்ணாம்புக் கல், மெல்ல மண்ணைக் காரமாக்கும். இட்லிப்பூவுக்கு அமில மண்தான் பிடிக்கும், காரம் ஏறினால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். நுரைக்காவிட்டால் கல் காரணமில்லை, தண்ணீரைப் பாருங்கள். வண்ணக் கூழாங்கல் வாங்குபவர்கள் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். சாயம் பூசியதென்றால் பெரும்பாலும் பஞ்சில் இறங்கிவிடும்.

குரோம்பேட்டையிலிருந்து: கார் நிற்கும் இடத்துக்கு பேவர் பிளாக். 50 மி.மீ. போதும் என்கிறார்கள்.

நடைபாதைக்குப் போதும். கார் ஏறும் இடத்துக்கு 60 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரு கல்லை நன்றாகக் காயவைத்து எடை பார்த்து, ஒரு நாள் தண்ணீரில் போட்டுத் திரும்ப எடை பாருங்கள். பேவர் பிளாக்குக்கான ஐஎஸ் 15658 என்ற இந்தியத் தரப்படி உறிஞ்சும் தண்ணீர் சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மாதவரத்திலிருந்து: கடியத்திலிருந்து நேரடியாகச் செடி இறக்குகிறோம், உள்ளூர் நர்சரியைவிட மலிவு என்கிறார்கள். நம்பலாமா?

ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் கடியம் பெரிய நர்சரிப் பகுதி. உள்ளூர்க் கடைகள் பலவற்றின் சரக்கே அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே ஊர்ப் பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. தண்டைப் பிடித்து மெல்ல அசையுங்கள். மண் கட்டி கூடவே அசைந்தால் வேர் பிடித்த செடி. தண்டு மட்டும் ஆடினால், நிலத்திலிருந்து தோண்டிப் புதிதாகப் பையில் வைத்தது. பைக்கு அடியில் வேர் வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் பையிலேயே கிழடானது. வந்த செடியை ஒரு வாரமாவது நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். பட்டுப்போனால் மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம், எத்தனை நாளுக்குள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

போரூரிலிருந்து: எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் விட்டுவிடலாமா? முழுப் பணமும் முன்னாடியே கேட்கிறார்.

ஒரே ஆளிடம் விடுவதில் தப்பில்லை. ஆனால் அவர் இரண்டு வருஷம் முன்னால் போட்ட தோட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். போன மாதம் போட்டது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். முழுப் பணத்தை முன்கூட்டி கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு லோடு வாங்கிப் பார்த்து, அளவும் தரமும் சரியாக இருந்தால் மீதியை ஆர்டர் செய்யுங்கள், லோடுக்கு லோடு பணம்.

கடைசியாக ஆவடியிலிருந்து: எந்த மாதத்தில் வாங்குவது நல்லது?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால் மண்ணும் எம்-சாண்டும் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) வாங்கி முடித்துவிடுங்கள். லேசாக ஈரமான மணல் உப்பி, காய்ந்த மணலைவிட கால் பங்கு வரைகூட அதிக இடம் பிடிக்கும். யூனிட் கணக்கில் வாங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். டன் கணக்கில் வாங்கினாலும் தண்ணீரின் எடைக்குப் பணம் போகும். மழை நாளில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறக்கிய குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் நாலு கல் வையுங்கள்.