மகள் தோட்டம் வடிவமைக்கப் படிக்கிறேன் என்கிறாள், விடலாமா?

பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், சொந்தக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது தோட்ட வடிவமைப்பு படிக்கிறேன் என்றால் வீட்டில் பதற்றம் வரத்தான் செய்யும். "செடிக்குத் தண்ணி ஊத்தவா இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று அவள் அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு சுலபம்.

தோட்டம் அமைப்பது ஒரு கலை. ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில் அதை ஓவியத்தோடு சேர்த்தே வகைப்படுத்தினார். ஆனால் என் கண்ணுக்கு அது ஓவியத்தைவிடச் சிக்கலானது, ஏனென்றால் ஓவியத்தின் முன்னால் நிற்கிறோம், தோட்டத்துக்குள் நடக்கிறோம். எங்கே திரும்பும்போது எது கண்ணில் பட வேண்டும், எதை மறைக்க வேண்டும், பத்து வருடம் கழித்து அந்த மரத்தின் நிழல் எங்கே விழும் என்பதையெல்லாம் யோசித்தாக வேண்டும்.

இலங்கையில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்க என்று ஒரு தோட்டம் இருக்கிறது. பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக்கலைஞரான ஜெஃப்ரி பாவா அதை வாங்கியபோது அவர் வழக்கறிஞர், அந்த இடம் ரப்பர் தோட்டம். ஏரி தெரிய வேண்டும் என்பதற்காக நடுவில் இருந்த மேட்டையே தணித்தார், குறுக்கே போன சாலை பார்வையில் படாதபடி அதைப் பள்ளத்தில் மறைத்தார். நம் கோயில்களில் நிற்குமே கள்ளிமந்தாரை, அதன் கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டுத் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு வளைய வைத்தார். கிளை ஒரே நாளில் வளையாது, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் வேலை செய்யும்போதுதான் தனக்குத் தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்று புரிந்து லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்தார், 1957-இல் தகுதி பெற்றபோது வயது 38. இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தோட்டக்கலை பி.எஸ்சி. என்பது பழம், காய்கறி, பூ சாகுபடி சார்ந்த 4 வருடப் படிப்பு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, நல்ல படிப்பும்கூட. ஆனால் இடத்தை வடிவமைக்கத்தான் ஆசை என்றால் நேரான வழி 5 வருட பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டம், அப்புறம் நிலவெளி வடிவமைப்பில் (லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சர்) 2 வருட முதுகலை. டெல்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர், அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அது உண்டு. பி.ஆர்க்.குக்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு அல்லது ஜேஇஇ இரண்டாம் தாள் எழுத வேண்டும், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். அதனால் இப்போது கணிதத்தை விட்டுவிடாதீர்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும், என் ஆலோசனை அதுதான்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது: பூங்கா, ஏரிக்கரை, கல்லூரி வளாகம், ஓய்வு விடுதி, பழைய தோட்டங்களின் மீட்பு. டெல்லியில் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் சுமார் 90 ஏக்கரில் சுந்தர் நர்சரி என்ற பூங்கா 2018-இல் திறக்கப்பட்டது, அதை வடிவமைத்த முகமது ஷஹீர் 2015-லேயே காலமாகிவிட்டார். இந்தத் தொழிலின் வேகம் அப்படி. தொடக்கச் சம்பளமும் மென்பொருள் வேலையோடு பார்த்தால் குறைவுதான், அதை அவளிடம் மறைக்க வேண்டாம். பொறுமை இல்லாத பிள்ளைக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

அவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு ஒரு நோட்டோடு அனுப்புங்கள். காலையிலும் மாலையிலும் நிழல் எங்கே விழுகிறது, மனிதர்கள் எந்த பெஞ்சைத் தவிர்க்கிறார்கள், பாதை இருந்தும் எங்கே புல்லை மிதித்துக் குறுக்கே நடக்கிறார்கள் என்று இரண்டு வாரம் வரைந்து எழுதட்டும். மூன்றாம் நாளே சலித்துவிட்டால் அதுவும் நல்ல தகவல்தான். விடாமல் வரைந்தால் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே அந்த நோட்டோடு அவளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து பார்க்கலாம்.