தண்ணிக்குள்ள எந்த போல்ட் நிக்கும்?

கேள்வி: அண்ணே, விழிஞ்ஞத்துல மரப் போட்டை கரையேத்தினப்ப சுக்கான்ல போட்ட பித்தளை போல்ட்டெல்லாம் உதிர்ந்துபோச்சு, இப்ப எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடலாமா?
– வாசகர், நீரோடி

பதில்: பித்தளை இனி வேண்டவே வேண்டாம் தம்பி, உப்புத்தண்ணில அதுல உள்ள துத்தநாகம் கரைஞ்சு செம்புதான் மிஞ்சும், அந்த போல்ட்டை ஒடைச்சு பாருங்க, உள்ள ரோஸ் கலரா பொறுபொறுன்னு இருக்கும். எஸ்எஸ்ல 304ங்கிற ரகம் கடலுக்கு ஆகாது, குழி விழும். 316ங்கிற ரகத்துல அரிப்பைத் தாங்குற மாலிப்டினம்ங்கிற உலோகம் 2–3% இருக்கு, மேல்தளத்துக்கு நல்லது, ஆனா தண்ணிக்கடியில மரத்துக்குள்ள ஆக்சிஜன் கிடைக்காம அடைஞ்சு கிடந்தா அதுவும் அரிச்சுரும், வெளிய தலை பளபளன்னு இருக்கும், உள்ள தண்டு மெலிஞ்சு போயிருக்கும், அதான் பயமே. சிலிக்கான் வெண்கலம்னு (செம்புல சிலிக்கான் கலந்தது) கேட்டு வாங்குங்க, விலை கூடத்தான், இருந்தாலும் சுக்கான் விஷயத்துல கணக்கு பாக்காதீங்க. நட்டு, வாஷரும் அதே உலோகம்தான். மத்த உலோகம் அரிக்காம தான் கரையறதுக்காக போட்டுக்கு அடியில மாட்டுற ஜிங்க் (துத்தநாக) கட்டைக்கு பெயிண்ட் அடிக்காதீங்க, பாதி கரைஞ்சதும் மாத்திருங்க.