தைராய்டு மாத்திரையும் சத்து மாத்திரைகளும்: ஒரே மடக்கில் விழுங்கலாமா?

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிட்டு ஐந்து ஆண்டுகள் நலமாக இருந்தவர். மூட்டுவலிக்குக் கால்சியமும் இரத்தக்குறைவுக்கு இரும்புச்சத்தும் சேர்ந்த பிறகு டி.எஸ்.எச். (தைராய்டு மருந்து உடம்புக்குப் போதாவிட்டால் ஏறும், மிஞ்சினால் இறங்கும் இரத்த அளவு) 8.6 ஆக ஏறியதால், மாத்திரையை 100 ஆக்கினார்கள். பின்னர் முடி உதிர்வுக்கென்று தெரிந்தவர் ஒருவர் விற்ற வைட்டமின் மாத்திரையையும் சாப்பிடத் தொடங்கினார். இப்போது டி.எஸ்.எச். 0.1 என்று வந்திருப்பதால் 50 ஆகக் குறைக்கச் சொல்கிறார்களாம். உடம்பிலோ அசதியும் மலச்சிக்கலும் அப்படியே இருக்கின்றன. "ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் முன் எல்லா மாத்திரையையும் கட்டன் சாயாவோடு விழுங்கிவிடுவேன். வைட்டமின்தான் தைராய்டு மருந்தைக் கெடுக்கிறதா? எதை நிறுத்துவது?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, உங்களுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வேறு சிக்கல்கள் நேர்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, குடலில் நடப்பது. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தோடு குடலிலேயே ஒட்டிக்கொண்டு, அதை இரத்தத்தில் சேரவிடாமல் மலத்தோடு வெளியேற்றிவிடும். சாயாவும் காப்பியும் கூடவே சென்றால் மருந்து சேர்வது இன்னும் குறையும். ஆகவே நீங்கள் விழுங்கியது 75 என்றாலும் உடம்புக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். அளவைக் கூட்டுவதற்கு முன்பு "எதனோடு சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதுமாயிருந்தது. எலும்பு மருத்துவர் எழுதியதைத் தைராய்டு மருத்துவர் பார்ப்பதில்லை. சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை இருவருமே பார்ப்பதில்லை. சீட்டில் 1-0-0 என்று மூன்று எண்களை எழுதுவதோடு கடமை முடிந்துவிடுகிறது. அந்த எண்களுக்குப் பக்கத்தில் "வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில்" என்று எழுத எத்தனை நொடி ஆகும்?

இரண்டாவது சிக்கல் இரத்தப் பரிசோதனையில் நடப்பது. முடிக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். இந்த மாத்திரைகளிலோ 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று, அதாவது நூற்றைம்பது, முந்நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. பயோட்டின் தைராய்டு மருந்தை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பல பரிசோதனைக் கருவிகள் பயோட்டினைக் கொண்டே அளவெடுப்பதால், இரத்தத்தில் அது மிகுந்திருக்கும்போது டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. இன்றுவரை நம்மூரில் இரத்தம் எடுக்கும் இடத்தில் "வைட்டமின் ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பவரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

எனவே 0.1 என்ற தாளை மட்டும் வைத்து 50-க்கு இறங்க வேண்டாம். அதை எழுதிய மருத்துவரிடம் முடி மாத்திரையின் அட்டையைக் காட்டுங்கள். அதை முழு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுங்கள். அப்போதும் குறைவாகவே வந்தால் அளவைக் குறைப்பது சரியே.

இனி அந்த முடி மாத்திரையை விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, மகளிர் குழுத் தோழி, தூரத்து உறவு என்று நம்பிக்கையான முகங்களின் வழியாகவே இந்தச் சங்கிலி வியாபாரம் நம் வீட்டுக்குள் வருகிறது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். அட்டையிலிருந்து பிரித்த சிவப்பும் வெள்ளையும் மஞ்சளுமான மாத்திரைகளுக்கு நடுவே, புட்டியை விட்டு எடுத்த தைராய்டு மாத்திரைகள் ஈரம்பட்டு ஓரம் உதிர்ந்து கிடந்தன. கூடவே ஒரு கடற்பாசிப் பொடி. "இதைச் சாப்பிட்டால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கடற்பாசியில் அயோடின் மிகுதி. அளவு மீறினால் சுரப்பியையே அது பாதிக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்த விற்பனையாளரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கால்சியத்தையும் இரும்பையும் நிறுத்த வேண்டியதில்லை. தைராய்டு மாத்திரைக்கும் அவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பல சத்துகள் கலந்த மாத்திரைகளிலும் இரும்போ கால்சியமோ இருக்கும், அவற்றுக்கும் இதே கணக்குத்தான். வழக்கமாக நான் சொல்வது, எழுந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாயா என்பது. ஆனால் இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடுகிறவரிடம் அதைச் சொல்வதில் பொருளில்லை. உங்களைப் போன்றவர்கள் இரவில் சாப்பிடலாம். 2010-இல் நெதர்லாந்தில் 90 பேரிடம் செய்த ஆய்வில், படுக்கும் முன் சாப்பிட்டபோது மருந்து காலையைவிட நன்றாகவே வேலை செய்தது. ஏழு மணிக்கு இரவுச் சாப்பாட்டை முடித்தால் பத்து மணிக்கு மாத்திரை. இடையில் பால், பழம் எதுவும் கூடாது. கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் மாத்திரையும் நள்ளிரவுக்குப் போக வேண்டியதுதான். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லையே என்று காலைக்கு மாற்றி, வேலை தொடங்கியதும் மறுபடி இரவுக்கு வராதீர்கள். இரும்பு மாத்திரை காலை பத்து மணிவாக்கில் எலுமிச்சை நீருடன், கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரவில் கால்சியம் வேண்டவே வேண்டாம்.

இப்படி மாற்றத் தொடங்கியதும், இதுவரை வீணாய்ப் போன மருந்தெல்லாம் உடம்பில் சேரும். அப்போது 100 உங்களுக்கு அதிகமாகிவிடக்கூடும். ஆகவே நேரத்தை மாற்றும் நாளைக் குறித்துவைத்து, ஆறு வாரம் முடிந்ததும் டி.எஸ்.எச். பாருங்கள். அதற்குள் நெஞ்சு படபடப்போ கை நடுக்கமோ வந்தால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மறுநாளே மருத்துவரிடம் போய்விடுங்கள்.