யார்க்‌ஷயர் கிராமத்து பப்களில் ரியல் ஏல்: புளிப்பும், கார் இல்லாத பயணமும்

வணக்கம். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் கிராமத்து பப் ஒன்றில் குடித்த ரியல் ஏல் என்ற பாரம்பரிய பீர் வெதுவெதுப்பாகவும் புளிப்பாகவும் இருந்தது, அதுதான் இயல்பா, கார் இல்லாமல் மீதி இரண்டு நாளை எங்கே கழிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

வெதுவெதுப்பு வேறு, புளிப்பு வேறு. ரியல் ஏல் பீப்பாய்க்குள்ளேயே உயிருள்ள ஈஸ்டோடு இரண்டாம் முறை நொதிக்கிறது. வழக்கமான சில்லென்ற பீர் போலன்றி, 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் பரிமாறினால்தான் மணமும் சுவையும் தெரியும். ஆனால் வினிகர் மாதிரி புளித்தால் அது கெட்டுப்போனது. பீப்பாயைத் திறந்தபின் காற்று உள்ளே போய்விடும். மூன்று நாளுக்குள் காலியாக வேண்டும். தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப்பில் மாற்றித் தருவார்கள். ஆளில்லாத பப்பில் பீப்பாயிலிருந்து ஏலை இறைக்கும் கைப்பம்பு எட்டு இருப்பதைவிட, கூட்டமுள்ள பப்பில் இரண்டு இருப்பதே மேல்.

அப்புறம், மீதி நாளுக்கு யார்க்‌ஷயரிலேயே உள்ள மாஷம் போய் வாருங்கள். சின்ன ஊர், ஆனால் இரண்டு பீர் ஆலைகள்: 1827இல் தொடங்கிய தீக்ஸ்டன், 1992இல் வந்த பிளாக் ஷீப். அங்கே ரயில் கிடையாது. பக்கத்து ஊரான ரிப்பனிலிருந்து பேருந்தில் போகலாம். கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும், நேரத்தை முன்பே பாருங்கள். தீக்ஸ்டனின் ஓல்டு பெக்யூலியர் என்ற ஏல் கருமையானது, உலர்பழ வாசனை. எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் அரை பைன்ட், அதாவது 284 மில்லி, மட்டும் வாங்குங்கள். திங்கள், செவ்வாயில் பல கிராமத்து பப்கள் மூடியிருக்கும், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.