ஸ்டூலைத் திரும்பப் போடுங்கள்

அன்புள்ள அண்ணா,

ஊட்டியில் சாக்லேட், வர்க்கி, டீத்தூள் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள் என்று ஸ்டூல்களை எடுத்துவிட்டேன், கேமராவும் வைத்தேன். விற்பனை கூடவில்லை. நன்றாக வேலை தெரிந்த பெண் ஒருத்தி விட்டுப் போய்விட்டாள். விற்பனைக்கு ஏற்ப இன்சென்டிவ் கொடுத்தால் சரியாகுமா?

ம., ஊட்டி

அன்புள்ள ம.,

நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விற்பனைக் குறைவை ஆட்கள் தலையில் கட்டாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று நீதிமன்றமே வரம்பு வைத்தது. மலைக்கு ஆளே வராத நாளில் உங்கள் கடைப் பெண் யாரிடம் விற்பாள்? கேமரா இருந்துவிட்டுப் போகட்டும், கல்லாவுக்குத் தேவைதான்.

ஆனால் ஸ்டூலை எடுத்தீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. என் அக்கா கோவையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் ஏறினால் ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நிற்க வேண்டும். ஆள் வராத மத்தியான நேரத்தில் சூப்பர்வைசர் தலை தெரிந்தால், மடித்து வைத்த சேலையையே உதறி மறுபடி மடிப்பார்களாம். அவர் தாண்டிப் போனதும் கை நின்றுவிடும். அந்தச் சேலைகளில் ஒன்றுகூட அதனால் விற்றதில்லை. லீவில் குன்னூருக்கு வந்தால் வெந்நீரில் கல் உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். பாவாடையை இழுத்து அதை மூடிக்கொள்வாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

உங்கள் கடையிலும் இப்போது அதுதான் நடக்கும். வர்க்கிப் பாக்கெட்டை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பார்கள். நீங்களும் வேலை நடக்கிறது என்று நம்புவீர்கள். டிசம்பரில் உறைபனி விழும் ஊரில், ஜில்லென்ற மொசைக் தரையில் நாள் முழுக்க நின்று பாருங்கள் தம்பி! நீங்கள் மட்டும் கல்லாவில் குஷன் போட்டு உட்கார்ந்துதானே இதைக் கண்காணிக்கிறீர்கள்?

இது நான் சொல்லும் தர்மம் மட்டும் இல்லை. கேரளம் 2018இல் சட்டம் போட்டது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும். உங்கள் கடை சின்னது என்பதால் அவர்கள் கால் வலிக்காமல் போய்விடாது.

போன் பார்ப்பதா? சும்மா இருக்கும் நேரத்தில் பார்த்தால் பார்க்கட்டும். வாடிக்கையாளர் உள்ளே வந்த பிறகும் பார்த்தால் கூப்பிட்டுக் கண்டியுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இன்சென்டிவ் கேட்டிருந்தீர்கள். ஆளுக்கு ஆள் கணக்கு வைத்தால் ஒரே வாடிக்கையாளரை இருவர் இழுப்பார்கள். கொடுப்பதானால் ஆறு பேருக்கும் பொதுவாகக் கொடுங்கள். அதைச் சீசனில் யோசிக்கலாம். இந்த வாரம் கவுண்ட்டர் உயரத்துக்குத் தக்கபடி, முதுகு சாய்கிற மாதிரி ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். போன பெண்ணுக்கும் ஒரு போன் செய்து, திரும்ப வருவாளா என்று கேளுங்கள்.