பொருத்தனை உடைந்தால் திருவிருந்தை விடலாமா?

சகோதரரே, ஸ்தோத்திரம். ஒவ்வொரு வருஷப்பிறப்பு ஆராதனையிலும் 'இனி பிள்ளைகளிடம் கத்தமாட்டேன்' என்று பொருத்தனை செய்து, அதாவது ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து, பொங்கலுக்குள் உடைத்துவிட்டு, குற்ற உணர்வில் திருவிருந்துக்கே (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறும் ஆராதனைக்கே) போகாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் திருவிருந்து. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. சோதித்துவிட்டு ஒதுங்கி நிற்கச் சொல்லவில்லை. ஒதுங்குவது தாழ்மைபோலத் தெரியும். உண்மையில் அது நம் தப்புக்கு நாமே தண்டனை கட்டித் தீர்க்கப் பார்ப்பது. குணமான பிறகு மருந்து சாப்பிடுகிறேன் என்கிற கதைதான். அடுத்த திருவிருந்து ஆராதனைக்கே போங்கள்.

பொருத்தனை உடைவதற்குக் காரணம், அது உங்கள் மனவுறுதியின்மேல் மட்டும் நிற்பது. ரோமர் 7:18-ல் பவுலும் இதைத்தான் சொல்கிறார்: விருப்பம் இருக்கிறது, செய்ய முடியவில்லை. எனவே புதிய பொருத்தனை வேண்டாம். விழுந்த பிறகு அழுது ஜெபிப்பதைவிட, வழக்கமாக விழும் நேரத்துக்கு முன்னால் ஜெபியுங்கள். வேலை முடிந்து வந்ததும்தான் கத்துகிறீர்கள் என்றால், வண்டியை நிறுத்திய இடத்திலேயே இரண்டு நிமிடம்: "ஆண்டவரே, இன்று என்னிடம் பொறுமை இல்லை, நீர் தாரும்." எபிரெயர் 4:16 சொல்லும் 'ஏற்ற சமயம்' அதுதான்.

மறுபடி கத்திவிட்டால், அன்று ராத்திரியே பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள்; பொழுது சாயுமுன் கோபம் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26. "ஆனா நீயும்..." என்று ஒட்டுப்போட்டால் அது மன்னிப்பே இல்லை.

கிருபை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. தீத்து 2:11-12-ன்படி தீமையை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ கிருபைதான் நமக்குப் போதிக்கிறது. நம்பகமான சபை மூப்பர் ஒருவரிடம் இதைச் சொல்லி, வாரம் ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). கை நீட்டும் அளவுக்குப் போயிருந்தால், தாமதிக்காமல் ஆயரோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள்.